சுத்துக்கேணித் தோப்பில் யாரும் இறக்கவில்லை

முதலில் வந்தவர் தன் டிவிஎஸ் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். மழைக்காகத் தலையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செருப்பைத் தோப்புக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, குனிந்த தலையோடு சாமியானாவுக்குள் வந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரத்தில் பற்ற மறுத்த அடுப்போடு போராடிக்கொண்டிருந்த பரிதா, கணவருக்குத் தெரிந்தவராக இருக்கும் என்று நினைத்தாள். அவள் கணவர் தமீம் அன்சாரி, தோப்புக்காரர் அனுப்பிய ஆளாக இருக்கும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் போன பிறகு, பக்கத்தில் நின்ற அவர்களுடைய சின்ன மகள் பர்வினிடம் அந்த மனிதர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“யாரும்மா தவறிட்டது?”

ஆறாம் வகுப்புப் படிக்கும் பர்வினுக்குக் கேள்வி புரியவில்லை. “நாங்க கேம்பிங் வந்துக்கிறோம்” என்றாள். அவருக்கு அந்தப் பதில் புரியவில்லை. பெரிய மகள் அர்ஷியா ஓடிவந்து, இங்கே சாவு எதுவும் இல்லை, குடும்பத்தோடு ஒரு நாள் தங்கிப் போக வந்திருக்கிறோம் என்று விளக்க வேண்டியிருந்தது. வந்தவர் எழுந்தார். சாமியானாவை மேலும் கீழும் பார்த்தார். மழையையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதா, கோபப்படுவதா என்று தெரியாத முகத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் வண்டி கிளம்புவதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது.

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் தமீம் அன்சாரி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், நிமிர்ந்தால் கழுத்து. உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். தீபாவளிக்குக் கடை வாசலில் பந்தல் போட வந்தவர்கள், முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போய்விட்டார்கள். மீதியை இவர் கட்டினார். கட்டியது நன்றாக நின்றது. அடுத்த வருஷம் துணிக்கடையில் இவர் இல்லை. பழைய சாமியானா ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலில் இரண்டு விதமான போன் வரும். கல்யாண வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் நிறையப் பேசுவார்கள். என்ன கலர் துணி, எத்தனை வளைவு, போன தடவை மச்சான் வீட்டில் போட்டது போல் வேண்டாம் என்று போய்க்கொண்டே இருக்கும். சாவு வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனால் திட்டுவார்கள். அது தமீம் அன்சாரிக்குப் பழக்கம். சாவுக்குத் தாமதமாகப் போனால் யாரும் திட்ட மாட்டார்கள். வெயிலில் நின்றபடி, அல்லது மழையில் நின்றபடி, வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது அத்தனை கண்ணும் தன் மேல் விழுவதை அவரால் தாங்க முடியாது. அதனால் சாவுப் போன் வந்துவிட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்.

கையில் இருந்தவற்றில் குடும்பமும் ஒன்று. ஒரு நோன்புப் பெருநாள் அன்று, தொழுகை முடிந்து வந்து தட்டில் கை வைத்த நேரத்தில் மண்ணாடிப்பட்டிலிருந்து போன். பர்வினுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டக் கத்தியைக் கொடுத்த கையோடு பாகூர்ப் பக்கம் போனார். மாமல்லபுரம் போகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு தடவை இறங்கிப் போனார். மூன்று பேரும் பின்னால் இறங்கினார்கள். அர்ஷியா கல்லூரியில் பரிசு வாங்கிய அன்று அவள் மேடையிலிருந்து பார்த்தபோது அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இதற்கெல்லாம் அவள் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தை பிறந்ததும் அர்ஷியாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். அவள் அங்கே போய்விடுவாள். என்ன நகை வேண்டும் என்று கேட்டபோது நகையைப் பற்றி அவள் பேசவில்லை. ஒரு முழு நாள் நாலு பேரும் எங்காவது போய்த் தங்க வேண்டும் என்றாள். மலை மேல் மஞ்சள் கூடாரம் போட்டு, உள்ளே விளக்கு வைத்து, ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும் வீடியோவைப் போனில் காட்டினாள். அந்த மாதிரிக் கூடாரம் ஒன்று வாங்கலாமா என்று பர்வின் கேட்டாள்.

“சாமியானாக்காரன் வூட்ல டென்ட்டு காசு குடுத்து வாங்குவாங்களா?” என்றார் தமீம் அன்சாரி.

சிரித்தார்கள். ஆனால் பரிதா சிரிக்கவில்லை. அவள் சொன்னது வேறு.

“இந்த ஒரு நாளும் பாதியில ஓடுனீங்கன்னா, பொண்ணு கல்யாணத்துக்கும் விருந்தாளி மாதிரி வந்து நின்னுட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

ஒரு காலையிலிருந்து மறுநாள் காலை வரை எங்கேயும் போவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

நாள் பார்த்தவரும் அவர்தான். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் என்றாலும் கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் முகூர்த்த நாள், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பந்தக்கால் எந்த நேரத்தில் நட வேண்டும் என்பதற்கு ஐயர் சொன்னதை மறந்துவிட்டு இவரிடமே மறுபடி கேட்கிற கல்யாண வீட்டார் உண்டு. கார்த்திகை மாதத்தில் தேய்பிறை அஷ்டமி ஒன்று சனிக்கிழமையில் வந்தது. அன்று எந்தக் கல்யாணமும் நடக்காது. சாவுக்குக் காலண்டர் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத் தன் போனையே, இத்தனை வருஷமாகக் கூட வேலை செய்யும் பாக்யராஜிடம் கொடுத்துவிட்டார். எது வந்தாலும் நீயே போய்விடு, என்னைத் தேடாதே என்றும் சொல்லிவிட்டார்.

சுத்துக்கேணியில் இருசப்பன் என்பவருக்குச் சாலையை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கிறது. அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட பழக்கம். தாராளமாக வந்து தங்குங்கள் என்றார். கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். பரிதா தள்ளிப்போடலாமா என்று கேட்டாள். இதை விட்டால் தைக்கு முன்னால் இப்படி ஒரு நாள் இல்லை என்றார் தமீம் அன்சாரி. நனைந்தால் நனையட்டும் என்றாள் அர்ஷியா. காலையில் குட்டி யானை லோடு வண்டியில் கிளம்பினார்கள். சாமான்கள் எல்லாம் கடைச் சாமான்கள். இருப்பதிலேயே சின்ன தேக்சாவில் ஒரு தெருவுக்குப் பிரியாணி செய்யலாம். நாற்காலிகளை அடுக்கில் இருந்து பிரித்து எடுக்கச் சோம்பலாக இருந்ததால் ஓர் அடுக்கு முழுவதையும் ஏற்றினார்கள்.

தோப்பில் வண்டி நின்றபோது தூறல் பிடித்துக்கொண்டது. மனைவி, மகள்கள் மூவரையும் வண்டிக்குள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டுத் தமீம் அன்சாரி வேகமாகக் கட்டினார். தவறு அங்கேதான் நடந்தது. மழைக் காலத்தில் கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போய்விடும். மழையில் சாமியானா கேட்பது சாவு வீடு மட்டும்தான். ஆகவே மழையில் அவர் கைக்குத் தெரிந்த பந்தலும் அது ஒன்றுதான். காற்று வரும் பக்கம் தாழ்த்தி, மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தி, சாலையைப் பார்த்து வாசல் வைத்து, வளைவோ ஜாலரோ இல்லாமல் அது எழுந்தது. நாற்காலிகளை இறக்கிய கை, அவற்றையும் வரிசை வரிசையாகச் சாலையைப் பார்த்தே போட்டுவிட்டது. நடுவில் கொஞ்சம் இடம்கூட விட்டிருந்தது.

சாலையில் போகிறவர்களுக்கும் காலண்டர் தெரியும். அஷ்டமி நாள், அடைமழை, சாலையோரம் தார்ப்பாய்ப் பந்தல், வரிசையாக நாற்காலி. யோசிக்க என்ன இருக்கிறது. பைக்கில் போன புருஷன் பெண்டாட்டி இறங்கி வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடையோடு வந்து நின்றார். திருக்கனூர் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர், தோப்பு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்துபோனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பர்வின் அவர்களுக்குக் கையாட்டினாள். பரிதா அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். வட்டமாக உட்கார்ந்து துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து மேலும் இரண்டு பேர் வந்தார்கள். வாசலைப் பின்னால் இருக்கும் ஏரிப் பக்கம் திருப்பலாமே என்றாள் அர்ஷியா. காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறது, பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றார் அவர். பர்வின் ஒரு ஸ்கெட்ச் பேனாவைத் தேடிப்பிடித்து, தட்டுகள் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, ‘இங்கே யாரும் இறக்கவில்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதி முன் கம்பத்தில் தொங்கவிட்டாள். சாரல் பட்டு எழுத்து கரைந்தது. முதலில் போனது ‘வில்லை’. அதை அர்ஷியா கவனித்துக் கழற்றுவதற்குள் நடவு வேலையிலிருந்து திரும்பிய பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

அவர்களில் மூத்தவள் ராமாயி. சேறு காயாத காலோடு பந்தலுக்குள் நுழையும்போதே, முறைப்படி, மார்பில் கை வைத்து அழத் தொடங்கிவிட்டாள். யார் செத்தது என்று கேட்பதெல்லாம் அழுகைக்குப் பிறகுதான். பரிதாவைக் கட்டிப்பிடித்து, தோளில் முகம் வைத்து, என்னைப் பெத்த அம்மா என்று இழுத்தாள். பரிதாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் ராமாயியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னதும் ராமாயி தலையை நிமிர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சாவே இல்லியா? இன்னாமே இது, சும்மா கீறவளப் புடிச்சி அழ வுட்டுட்டீங்க. ஒரு வாய் டீயாவது குடு, தொண்ட காஞ்சிப்போச்சி.”

பரிதா டீ போட்டாள். கடைச் சாமானில் சின்னப் பாத்திரம் இல்லை என்பதால் எல்லோருக்கும் போதுமான டீ எப்போதும் இருந்தது. வூட்டுல ஒழுங்கா தூங்கறத வுட்டுட்டு எதுக்கு இப்பிடி வந்து நனையறீங்க என்று ராமாயி கேட்டாள். அர்ஷியா தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். அதைக் கேட்டதும் ராமாயி, தான் வந்தது சாவுக்கில்லை, கல்யாணத்துக்குத்தான் என்று மற்றவர்களிடம் அறிவித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் போனாள்.

மதியத்துக்கு மேல் மழை கனத்தது. வருகிறவர்கள் குறைந்தார்கள். தோப்புக்குள் தண்ணீர் புகுந்து நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓடியது. விரித்த பாய் நனைந்து, போர்வை நனைந்து, பர்வின் தும்மத் தொடங்கியிருந்தாள். கேம்பிங் என்றால் வேறு என்ன செய்வார்கள் என்று தமீம் அன்சாரி கேட்டார். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்றாள் அர்ஷியா. சரி, பேசு என்றார். அவள் வாயைத் திறந்தாள். மேலே தார்ப்பாயில் தண்ணீர் கட்டியிருப்பதைப் பார்த்து அவர் எழுந்து போய்க் கழியால் குத்திவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து, சொல்லு என்றார். அவள் ஒன்றுமில்லை என்றாள். காலையிலிருந்து இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் இருந்தார். பரிதா தேக்சாவில் அரிசியைக் கொட்டி மூடிவிட்டு, இதுவே பெரிய விஷயம் என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த இளைஞன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். தலையில் துண்டுகூட இல்லை. வந்தவன் உட்காரவில்லை. யார் தவறியது என்றும் கேட்கவில்லை. பந்தலின் கம்பங்களை, கயிற்றை, தார்ப்பாயின் நீளத்தைக் கண்ணால் அளந்தான். அவனைப் பார்த்த மாத்திரத்தில் தமீம் அன்சாரிக்குத் தெரிந்துவிட்டது. சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா.

“அண்ணே, நீங்க எப்ப எடுக்கறீங்க?” என்றான்.

எதை எடுப்பது என்று பர்வின் அம்மாவிடம் கேட்டாள். பரிதா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எடுத்தப்புறம் இந்தப் பந்தல கேக்கலாமான்னு வந்தேன். எம்பேரு முத்துக்குமரன், தோ அந்தத் தெருதான். எங்கப்பா காலையில தவறிட்டாரு. திருக்கனூர்ல கேட்டா தார்ப்பா எல்லாம் வெளிய போயிடுச்சின்றாங்க. உள்ள வெச்சிக்கிறோம், கூரை ஒழுவுது. சனமெல்லாம் தெருவுல நனையுது. உங்களுக்கும் துக்கம்தான், நான் அவசரப்படுத்தலண்ணே. நீங்க முடிச்சப்புறம் போதும்.”

தமீம் அன்சாரி எழுந்தார். இங்கே துக்கம் எதுவும் இல்லை என்று சொல்ல நினைத்தார். ஆனால் அப்பாவுக்கு என்ன என்று கேட்டார். நெஞ்சுவலி என்றான் முத்துக்குமரன். கேட்டுக்கொண்டே அவர் வலது கை பக்கத்துக் கம்பத்தின் முடிச்சுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தார்.

யாரும் கோபமாக இல்லை. அதுதான் அவரை நிறுத்தியது. அர்ஷியா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பரிதா குனிந்து அடுப்பை அணைத்துவிட்டு, வேகாத பிரியாணியின் மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பர்வின் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தாள். யாரும் யாருக்கும் சொல்லாமல் அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்தும் இவர்கள் இப்படித்தான் இறங்கியிருப்பார்கள். அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

“இங்க சாவு இல்ல தம்பி. நாங்க சும்மா வந்து தங்கிக்கிறோம். பந்தல இப்பவே எடுத்துக்க. நான் வரல.”

“வரலன்னா, கட்டறது?”

“ஆள் கூட்டிக்கினு வா. எப்படின்னு சொல்லி அனுப்பறேன். நீங்களே கட்டிக்குங்க.”

முத்துக்குமரன் தயங்கினான். பிறகு தெருப்பக்கம் ஓடினான். பரிதா அடுப்பை விட்டு நிமிர்ந்து கணவரின் அருகில் வந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு கம்பத்தைக்கூட அவர் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நின்றதில்லை. பாக்யராஜ் கட்டிய முடிச்சையே ஒருமுறை அவிழ்த்துக் கட்டுகிறவர்.

“நெசமாவா? பந்தல மட்டும் அனுப்பிட்டு இங்க ஒக்காந்திருப்பீங்களா?”

“இருப்பேன்.”

“பாக்கலாம்” என்றாள் பரிதா.

தோப்புக்காரர் இருசப்பன் கரும்பு வயலிலிருந்து டிராக்டரோடு வந்தார். கூடவே தெருப் பையன்கள். இரவு தன் வீட்டில் வந்து தங்கும்படி அவர் கூப்பிட்டார். பார்க்கலாம் என்று தமீம் அன்சாரி சொல்லிவைத்தார். அவர் கண் முழுக்கப் பையன்களின் கையில்தான் இருந்தது. முளைகளைச் சாய்த்து அடியுங்கள், நேராக அடித்தால் ஈர மண்ணில் பிடுங்கிக்கொள்ளும் என்றார். தாழ்வான பக்கம் காற்றுக்கு இருக்கட்டும் என்றார். மேலே தண்ணீர் கட்டினால் நடுவில் குத்துங்கள், ஓரத்தில் குத்தினால் கிழியும் என்றார். ஒருவன் அவிழாத முடிச்சை அரிவாளால் வெட்டினான். அது தன் விரலில் விழுந்ததுபோல் அவர் முகம் சுருங்கியது. சொல்வதை எல்லாம் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார். டிராக்டர் கிளம்பும்போது கூடவே நாலு எட்டு நடந்தார். பிறகு நின்றார்.

தோப்பில் கூரை இல்லை. நாலு பேரும் குட்டி யானையின் முன்பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் அவர், பக்கத்தில் அர்ஷியா, கதவோரம் பரிதா, அவள் மடியில் பர்வின். கண்ணாடி எல்லாம் மூச்சுக் காற்றில் மங்கியது. ஈரத்துணி நாற்றமும் பாதி வெந்த பிரியாணியின் மசாலா மணமும் சேர்ந்து அடித்தன. வைப்பர் அவர் பக்கம் மட்டும் வேலை செய்தது. அது துடைத்த வட்டத்தின் வழியாக, வயலுக்கு அந்தப் பக்கம், தெருமுனையில் நீலத் தார்ப்பாய் மெல்ல எழுவது தெரிந்தது. ஒரு மூலை எழுந்தால் ஒரு மூலை விழுந்தது. கடைசியில் நின்றது. கோணலாக நின்றது. அதன் அடியில் ஆட்கள் நுழைந்தார்கள்.

“மூலையில இன்னொரு கம்பு குடுத்திருக்கணும்” என்றார்.

அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அர்ஷியா காலையிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னாள். சாயங்காலம் பந்தலுக்குள் விளக்கு வைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள். இப்போது விளக்கும் இல்லை, பந்தலும் இல்லை.

“என் கல்யாணத்துக்கு நீங்க பந்தல் கட்டக் கூடாது அத்தா.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். மகள் கல்யாணத்துக்கென்று புதுத் துணி எடுத்து, பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார். தந்த நிறம், ஓரத்தில் பச்சை. வளைவுக்கு என்ன பூ என்பதுவரை யோசித்து முடித்திருந்தார். இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த ஒரு பந்தலுக்காகத்தான் என்று பாக்யராஜிடம் சொன்னதுண்டு.

“நான் கட்டாம?”

“நீங்க முன்னாடி ஒக்காரணும். வர்றவங்கள வாங்கன்னு கேக்கணும். மாப்ள பக்கத்துல ஒக்காந்து சாப்புடணும். கம்பு ஆடுதா, துணி தொங்குதான்னு மேல பாத்துக்கினே இருக்கக் கூடாது. அன்னிக்கு நான் எங்க ஒக்காந்துக்கிறேன்னாவது உங்களுக்குத் தெரியணும்.”

“பாக்யராஜ் கட்டுனா மூலை தொங்கும்மா.”

“தொங்கட்டும்.”

“மாப்ள வூட்டுக்காரங்க இன்னா மேல பாக்கவா வராங்க? பிரியாணியப் பாக்க வராங்க” என்றாள் பரிதா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை ஒரு பாட்டம் பலமாக அடித்தது. வைப்பர் துடைத்த வட்டத்தில், அந்தக் கோணல் பந்தலின் நடுவில் தார்ப்பாய் தொங்கத் தொடங்குவது தெரிந்தது. தண்ணீர் கட்டுகிறது. முதலில் ஒரு குடம் அளவு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டுக்குட்டி வயிறு மாதிரி இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கம்பம் இழுத்துக்கொண்டு சாயும். சாய்ந்தால் கீழே நிற்கிற சனத்தின் மேல் விழும். அடியில் எல்லோரும் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை.

அவர் கை கதவின் கைப்பிடிக்குப் போனது.

அர்ஷியா பார்த்தாள். தடுக்கவில்லை. அவர் இறங்க வசதியாகத் தன் முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள்.

கைப்பிடியைப் பிடித்தபடியே அவர் உட்கார்ந்திருந்தார். ஹாரனை அடித்தார். மழையில் அது வயலைத் தாண்டவில்லை. மறுபடி அடித்தார். அந்தப் பக்கம் யாரோ ஒருவன் தலையைத் தூக்கினான். ஹாரனைக் கேட்டுத்தானா என்பது தெரியாது. அவன் ஒரு கழியை எடுத்து வந்து தார்ப்பாயைக் குத்தினான்.

“ஓரத்துல குத்துறான். சொன்னேனே, நடுவுல குத்துன்னு” என்றார் தமீம் அன்சாரி.

தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாசலில் நின்றவர்கள் மேல் மொத்தமாகக் கொட்டியது. ஆட்கள் சிதறினார்கள். யாரோ அவனைத் திட்டுவது கையசைவில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மறுபடி அடியில் வந்து நின்றார்கள். பந்தல் கோணலாகவே நின்றுகொண்டிருந்தது. அடுத்த முறை தண்ணீர் கட்டியபோது அதே ஆள் கழியோடு வந்து, நடுவில் குத்தினான்.

அவர் கதவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி” என்றார்.

“எதுக்கு சரி?” என்று பர்வின் கேட்டாள்.

“பாக்யராஜே கட்டட்டும்.”

பரிதா இறங்கி, பின்னால் போய், தேக்சாவின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். அரிசி உள் சூட்டிலேயே ஒருவிதமாக வெந்திருந்தது. நாலு தட்டில் போட்டு முந்தானையால் மூடி எடுத்துவந்தாள். அதற்குள் தமீம் அன்சாரி ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, வாய் திறந்தபடி, தூங்கிப்போயிருந்தார். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நாலு பேரும் இப்படி ஒன்றாக உட்கார்ந்து பேச அர்ஷியாவிடம் இன்னும் நிறைய இருந்தது. மாப்பிள்ளையோடு போனில் பேசியது, திருப்பூர் வீட்டின் மாடி, அங்கே தனியாக இருக்க வரும் பயம் எல்லாம். அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் குறட்டை விட்டார். பர்வின் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு நாள் பூரா நம்பகூட இருக்கறேன்னு சொல்லிட்டுத் தூங்கறாரு பாரும்மா.”

“இங்கதான தூங்கறாரு” என்றாள் பரிதா. “நீ சாப்புடு.”